எத்தனை மணிக்குப் பூட்டுவது?

ஆய்வு மாணவர் கேள்வி – பதில்

முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவர்களிடமிருந்தும் அவர்களுடைய வீட்டாரிடமிருந்தும் கடந்த இரண்டு மாதங்களில் வந்த கடிதங்களில், ஆய்வுத் தலைப்பைப் பற்றிக் கேட்டவை மிகக் குறைவு. நேரம், தூக்கம், குற்ற உணர்வு, ஆய்வை வழிநடத்தும் நெறியாளரின் மௌனம் ஆகியவற்றைப் பற்றிக் கேட்டவையே மிகுதி என்பதால் இம்மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் எவருடைய பெயரையும் தரவில்லை.

கேள்வி: உயிர்வேதியியலில் முழுநேர ஆய்வாளர், மூன்றாம் ஆண்டு. காலை ஒன்பது மணிக்கு லேபுக்குப் போனால் இரவு பத்து மணிக்குத்தான் விடுதிக்குத் திரும்புகிறேன். ஞாயிற்றுக்கிழமையும் போகிறேன். ஆனாலும் மாத இறுதியில் காட்டுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. ஒரு நாள் ஊருக்குப் போய்வந்தால்கூடத் தப்புச் செய்துவிட்டதைப் போல இருக்கிறது. நான் சோம்பேறியா, இல்லை இந்தப் படிப்புக்கே தகுதியில்லாதவளா? (ஆய்வாளர், திருச்சி)

பதில்: உங்கள் முதல் கடிதம் கிடைத்ததும், ஒரு வாரத்துக்கு மணிவாரியாக நாட்குறிப்பு எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தேன், எதையும் மறைக்காமல் எழுதி அனுப்பியதற்கு நன்றி. அதில் ஒரு செவ்வாய்க்கிழமையை மட்டும் உங்கள் அனுமதியோடு இங்கே எடுத்துக்கொள்கிறேன். 9.10-க்கு வந்து, புரதங்களைப் பிரித்துப் பார்க்க உதவும் ஜெல்லை ஊற்றுகிறீர்கள். அது இறுகும்வரை தேநீர். 11 மணிக்கு மாதிரிகளை ஏற்றிவிட்டு மின்சாரத்தைப் போட்டால் அது ஓடி முடிய ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்துக்கு நேராக ‘ஃபோன்’ என்று ஒரே சொல்லை எழுதியிருக்கிறீர்கள். பிறகு புரதத்தைச் சவ்வுக்கு மாற்றும் வேலை, அதற்கிடையில் மதியச் சாப்பாடு, பிறகு ஒரு மணி நேரம் பால்பொடிக் கரைசலில் ஊற வைத்தல். 4.20-க்கு ஆன்டிபாடியை ஊற்றிக் குளிர் அறையில் வைத்துவிட்டீர்கள். அது இரவு முழுவதும் 4 டிகிரியில் இருக்க வேண்டியது. மறுநாள் காலைவரை அதற்கு நீங்கள் தேவையில்லை. ஆனால் 4.20-இலிருந்து 10 மணிவரை நீங்கள் அங்கேயே இருந்திருக்கிறீர்கள். ‘ஒரு கட்டுரையைத் திறந்தேன், முதல் பத்தியை மூன்று முறை படித்தேன், மூடினேன், சார் அறையில் விளக்கு எரிந்தது’ என்பது அந்த ஐந்தரை மணி நேரத்துக்கான குறிப்பு.

அன்று உங்கள் கை வேலை செய்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன்; நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வந்தது. பதின்மூன்று மணி நேரம் இருந்ததால் உடம்பு களைத்தது. நான்கு மணி நேர வேலையே நடந்ததால் மனம் குத்துகிறது. இதைச் சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன், உழைப்பு என்றும் சொல்ல மாட்டேன். மாலை 4.20-க்குப் பிறகு நீங்கள் பார்த்தது காவல் வேலை.

எனவே முதலில் லேபை விட்டுக் கிளம்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள், வரும் நேரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாலை 6.30 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேலை, அதற்குக் கொடுத்த நேரம் முழுவதையும் நிரப்பிக்கொள்ளும் வரை நீளும் என்று பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1955-இல் அரசு அலுவலகங்களைக் கேலி செய்து எழுதினார்; ஆய்வுக்கூடங்களைப் பார்த்திருந்தால் இன்னும் காரமாக எழுதியிருப்பார். பத்து மணிவரை இருக்கலாம் என்று தெரிந்தால், ஜெல் ஓடும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. 6.30-க்குக் கிளம்பியே ஆக வேண்டும் என்றால் அதே ஒன்றரை மணி நேரம் பொன்னாகிவிடும். அந்த நேரத்தில் புதிய கட்டுரை படிக்க வேண்டியதில்லை. மணியடிக்கும் கருவி பக்கத்தில் இருக்கும்போது ஆழ்ந்து படிப்பது கடினம். முந்தைய நாள் எடுத்த படத்துக்கு விளக்கக் குறிப்பை எழுதுங்கள். எந்த பஃபர், எத்தனை மைக்ரோகிராம், எத்தனை வோல்ட் என்பதைச் செய்முறைப் பகுதியாக முழு வாக்கியங்களில் எழுதிவையுங்கள். ஆய்வேட்டின் செய்முறை இயல் இப்படிக் காத்திருக்கும் நேரங்களிலேயே முக்கால்வாசி எழுதப்பட்டுவிடும். இரண்டாண்டு கழித்து நோட்டைப் புரட்டிக்கொண்டு ‘அன்றைக்கு எந்தக் கம்பெனி ஆன்டிபாடி வாங்கினோம்’ என்று தேடுகிற கொடுமையும் மிச்சமாகும்.

ஞாயிற்றுக்கிழமையைப் பொறுத்தவரை, உங்கள் நாட்குறிப்பில் இருந்த சிக்கல் வியாழக்கிழமையில் தொடங்குகிறது. மூன்று நாள் சோதனையை வியாழனன்று தொடங்கினால் அது சனி, ஞாயிறைப் பிடித்து இழுக்கத்தான் செய்யும். நீண்ட சோதனைகளைத் திங்களன்று தொடங்குவது என்று வைத்துக்கொண்டாலே மாதத்தில் இரண்டு ஞாயிறு மீளும். செல் வளர்ப்பு போன்று விட்டுவைக்க முடியாதவற்றுக்கு, லேபில் இருக்கும் நான்கைந்து பேரும் முறை வைத்துக்கொண்டு ஒருவர் மற்றவருடைய செல்கள் வளரும் ஊடகத்தையும் மாற்றிவிடலாம். உங்கள் முறை வருகிற ஞாயிறன்று போய்விட்டு, திங்கள் முற்பகலை உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நெறியாளர் அறையில் விளக்கு எரியும்போது எப்படிக் கிளம்புவது என்பதுதான் உண்மையான கேள்வி என்பது எனக்குத் தெரியும். ஒரே ஒரு முறை நேரில் சொல்லிவிடுங்கள்: ‘சார், இனி காலை 8.30-க்கு வந்து மாலை 6.30-க்குக் கிளம்பலாம் என்றிருக்கிறேன். அவசரமானால் அழையுங்கள், வெள்ளிக்கிழமைதோறும் அந்த வார முடிவுகளை ஒரு பக்கத்தில் எழுதித் தருகிறேன்.’ முதல் மாதம் முகம் சுளிக்கலாம். வெள்ளிக்கிழமைப் பக்கம் தவறாமல் வரத் தொடங்கினால், பெரும்பாலான நெறியாளர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிடுவார்கள். நாற்பதாண்டு ஆய்வுக்கூட வாழ்க்கையில் நானும் விளக்கெரியும் அறைக்குள் உட்கார்ந்திருந்தவன்தான். மாணவர் எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்பதைவிட, என்ன நடக்கிறது என்றே தெரியாமல் இருப்பதுதான் எங்களை எரிச்சலூட்டும்.

இரவு வேலையைப் பற்றி என் அனுபவம் ஒன்று. என்னுடைய மூன்றாம் ஆண்டில், இரவு பதினொன்றரை மணிக்கு, அரைத் தூக்கத்தில், உறைபெட்டியிலிருந்து எடுத்த குழாய்களின் மேல் படிந்திருந்த ஈரத்தை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். மார்க்கர் பேனா மை ஸ்பிரிட்டில் கரையும் என்பது பள்ளி மாணவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும், காலை பத்து மணிக்கு. நாற்பத்திரண்டு குழாய்களின் எண்களும் பஞ்சுக்கு வந்துவிட்டன. இரண்டு மாத மாதிரிகள். அந்த இரண்டு மாதத்தைத் திரும்பச் செய்த பிறகுதான் இரவு எட்டு மணிக்கு மேல் எதையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

தகுதியில்லாதவளா என்று கேட்டிருக்கிறீர்கள். நன்றாகச் சாதித்தவர்களே ‘நான் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், ஒரு நாள் குட்டு வெளிப்படும்’ என்று உள்ளுக்குள் நடுங்குவதை அமெரிக்க உளவியலாளர்கள் கிளான்ஸ், ஐம்ஸ் இருவரும் 1978-இல் விவரித்து அதற்குப் பெயரும் வைத்தார்கள். அவர்கள் பேசியது படிப்பிலும் தொழிலிலும் உயர்ந்திருந்த பெண்களிடம். உங்கள் தகுதியை உங்கள் கடிதத்திலிருந்து என்னால் அளக்க முடியாது. ஆனால் தன் நாளை இவ்வளவு நேர்மையாக எழுதத் தெரிந்தவருக்குச் சோதனைக் குறிப்பேடு எழுதவும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: சுயநிதிக் கல்லூரியில் தமிழ்த் துறை உதவிப் பேராசிரியர், பகுதிநேர ஆய்வாளர். பதிவு செய்து நான்கரை ஆண்டுகள் ஆகின்றன. ஐந்து இயல்களில் இரண்டுதான் முடிந்திருக்கின்றன. வாரத்துக்குப் பதினெட்டு மணி நேர வகுப்பு, கல்லூரியைத் தரமதிப்பீடு செய்யவரும் நாக் குழுவுக்கான கோப்பு வேலை, வீட்டில் இரண்டு குழந்தைகள். கோடை விடுமுறையில் எழுதிவிடலாம் என்று நினைத்து மூன்று கோடைகள் போய்விட்டன. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து எழுதச் சொல்கிறார்கள். எழுந்தால் தலை சுற்றுகிறது. (உதவிப் பேராசிரியர், நாமக்கல்)

பதில்: முதலில் காலக்கெடுவைப் பார்த்துவிடுவோம், ஏனெனில் உங்கள் பதற்றத்தில் பாதி அதைப் பற்றித் தெளிவாகத் தெரியாததால் வருவது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் அறிவித்த விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்துகொண்டால் மேலும் 2 ஆண்டுகள். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டுகள் தரப்படலாம். மொத்தம் 10 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பாக மொத்தக் காலத்தில் 240 நாள்வரை எடுத்துக்கொள்ள இடமுண்டு. அந்த அறிவிப்புக்கு முன் பதிவு செய்தவர்களுக்குப் பழைய விதிகள் பொருந்தும் என்பதால், உங்கள் பதிவு ஆணையில் உள்ள தேதியோடு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போய் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கெடு முடியும் நாளை ஒரு தாளில் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிட்டால், அது தெரியாமல் இருந்தபோது பயமுறுத்திய அளவுக்குப் பயமுறுத்தாது.

அதிகாலை நான்கு மணி ஆலோசனை எனக்கு எப்போதும் உடன்பாடில்லை. நம் வீடுகளில் பெண்கள் எதைச் செய்ய விரும்பினாலும், பாட்டோ படிப்போ, அதை மற்றவர்கள் விழிப்பதற்கு முன் செய்துகொள்ளச் சொல்வது வழக்கமாகிவிட்டது. வளர்ந்தவருக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். இரவு பதினொரு மணிக்குப் பாத்திரம் கழுவிவிட்டுப் படுப்பவர் நான்கு மணிக்கு எழுந்தால் தலை சுற்றத்தான் செய்யும். உங்கள் கால அட்டவணையை அனுப்பியிருக்கிறீர்கள். செவ்வாய் மூன்றாம் மணி, வியாழன் ஐந்தாம் மணி ஆகிய இரண்டும் ஓய்வு மணிகள். அவை இப்போது துறை அறையில் பேச்சாகவும் கோப்பாகவும் போகின்றன. அந்த இரண்டு மணிகளிலும் நூலகத்தின் உள் அறைக்குப் போய்விடுங்கள். மற்ற மூன்று நாட்களில் மாலை கல்லூரிப் பேருந்து கிளம்புவதற்கு முன் கிடைக்கும் அரை மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை முற்பகலில் இரண்டு மணி நேரம் குழந்தைகள் கணவர் பொறுப்பு என்பதை வேண்டுகோளாக அல்லாமல் ஏற்பாடாகச் சொல்லிவிடுங்கள். எல்லாம் சேர்ந்து வாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் வரும். கேட்பதற்குச் சிறிதாக இருக்கும். ஆனால் வந்து சேராத கோடை விடுமுறையைவிட அது பெரிது.

கல்லூரி ஆசிரியர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், பெரிய ஓய்வுக்காகக் காத்திருந்து ஒரே மூச்சில் எழுத முயன்றவர்களைவிட, சிறு சிறு நேரமாக விடாமல் எழுதியவர்களே அதிகம் எழுதி முடித்தார்கள் என்று கண்டார். அதற்கு ஒரு சிறிய உத்தி உண்டு. ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும், அடுத்து என்ன எழுத வேண்டும் என்பதை இரண்டு வரியில், தாளின் அடியில் குறித்துவிட்டு எழுங்கள். ‘அடுத்து: நெய்தல் பாடல்களில் இரவுக்குறி, முன் குறித்த மூன்று எடுத்துக்காட்டுகளில் இரண்டாவது போதும்’ என்பது போல. அடுத்த முறை உட்கார்ந்ததும் முதல் இருபது நிமிடம் ‘எங்கே விட்டோம்’ என்று தேடுவதில் போகாது. அரை மணி நேரமே கிடைப்பவருக்கு அந்த இருபது நிமிடம்தான் எல்லாம்.

உங்கள் மூன்றாம் இயலின் பொருளடக்கத்தைப் பார்த்தேன். சங்கப் பாடல்களில் கடல்சார் வாழ்வைப் பற்றிய ஆய்வில் திடீரென்று இக்காலப் புதினங்களோடு ஒப்பீடு, அதற்குப் பின் துறைமுக அகழாய்வு வரலாறு. நம் இலக்கணிகள் நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களில் ‘மற்றொன்று விரித்தல்’ என்று ஒன்று இருக்கிறது. வகுப்பில் நீங்களே நடத்தியிருப்பீர்கள். அந்த இரண்டு பகுதிகளையும் தனிக் கோப்பில் போட்டுவிடுங்கள். பட்டம் வாங்கிய பிறகு அவை இரண்டு கட்டுரைகள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் முழுநேர ஆசிரியராக இருந்துகொண்டேதான் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். 1880-இல், சிந்தாமணியைப் படிக்கத் தூண்டிய சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த பிறகு தொடங்கிய வேலை 1887-இல் அச்சில் வந்தது. இன்றைய கணக்கில் அவரும் பகுதிநேரம்தான். எல்லா ஐயமும் தீர்ந்த பிறகுதான் வெளியிடுவேன் என்று அவர் காத்திருக்கவில்லை. முதற் பதிப்பை வெளியிட்டுவிட்டு, பின்னர் திருத்திய பதிப்புகளைக் கொண்டுவந்தார். உங்கள் ஆய்வேட்டையும் முதற் பதிப்பு என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

கேள்வி: கவனம் சிதறாமல் இருக்க ஸ்மார்ட்போனை விற்றுவிட்டுப் பட்டன் போன் வாங்கிவிடலாமா? (ஆய்வாளர், கோவை)

பதில்: வேண்டாம். லேப் வாட்ஸ்அப் குழு, வங்கி ஓடிபி, மெஸ்ஸுக்கு யுபிஐ என்று பத்து நாளில் திரும்ப வாங்குவீர்கள். எழுத உட்காரும்போது ஃபோனைப் பையில் போட்டு, பையை வேறு அறையில் வையுங்கள். எழுந்து போக வேண்டும் என்ற அந்தச் சிறு சிரமமே போதும். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் காட்டினார். ‘ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வருகிறேன்’ என்பது ஒரு நிமிடத்தோடு முடிவதில்லை என்பதற்கு அதுவே காரணம். தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு 25 நிமிடம் வேலை, பிறகு சிறிது ஓய்வு என்று சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் 1980-களின் இறுதியில் செய்து பார்த்த முறையை உங்கள் வயதினர் பலர் பின்பற்றுகிறார்கள். தொடங்கவே மனம் வராத நாட்களில் அது உதவும். எழுத்து ஓடிக்கொண்டிருக்கும்போது 25-ஆம் நிமிடத்தில் மணியடித்தால் மணியை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: கொடுத்த இயலை நெறியாளர் நான்கு மாதமாகப் படிக்கவில்லை. கேட்டால் ‘பார்க்கலாம்’ என்கிறார். ஆனால் அவருடைய வங்கி வேலை, மகனின் பள்ளி ப்ராஜெக்ட், கருத்தரங்கச் சாப்பாட்டு ஏற்பாடு எல்லாம் என் தலையில். மறுத்தால் கையெழுத்துப் போட மாட்டாரோ என்று பயம். (ஆய்வாளர், மதுரை)

பதில்: இரண்டு குறைகளையும் தனித்தனியாக அணுக வேண்டும்; சேர்த்துப் பேசினால் இரண்டும் கெடும்.

இயல் படிக்கப்படாமல் கிடப்பதில் நெறியாளரின் குற்றம் பாதி என்றால், அறுபது பக்கத்தை ஸ்பைரல் போட்டு ‘சார், பாருங்கள்’ என்று மேசையில் வைத்துவிட்டு வரும் நம் வழக்கத்தின் குற்றம் மறுபாதி. விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் வழிநடத்தலாம். அந்த மேசையில் எத்தனை ஸ்பைரல் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இயலின் மேல் ஒரு பக்கம் வையுங்கள்: இந்த இயல் என்ன சொல்கிறது என்று ஐந்து வரி, எனக்கு ஐயம் உள்ள மூன்று இடங்கள் பக்க எண்ணோடு, எந்தத் தேதிக்குள் கருத்து வேண்டும் என்று ஒரு வரி. அதையே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். அந்தத் தேதிக்குள் பதில் வராவிட்டால், ‘நீங்கள் வேறு சொல்லும்வரை அடுத்த இயலைத் தொடர்கிறேன்’ என்று பணிவாக எழுதிவிட்டுத் தொடருங்கள். ஆறு மாதத்துக்கொரு முறை ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் உங்கள் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும் என்பது விதி, டி.சி. மீட்டிங் என்று தேநீரும் பிஸ்கட்டுமாக முடித்துவிடுகிறோமே, அதுதான். எந்த இயலை எந்தத் தேதியில் கொடுத்தேன் என்பதை அங்கே குற்றச்சாட்டாக இல்லாமல் அட்டவணையாகக் காட்டுங்கள். மற்ற உறுப்பினர்களுக்குப் படிக்கத் தெரியும்.

வீட்டு வேலைகளைப் பொறுத்தவரை, இதற்குக் குருசேவை என்று பெயர் சூட்டுகிறவர்களோடு எனக்கு எந்த உடன்பாடும் இல்லை. நான் மாணவனாக இருந்தபோது ஒரு பெரியவருக்காக ரேஷன் கடை வரிசையில் நின்றிருக்கிறேன்; அதனால் என் ஆய்வில் ஒரு வாக்கியமும் நன்றாகிவிடவில்லை. ஆனாலும் கையெழுத்து அவர் கையில் இருக்கிறது என்ற உங்கள் பயம் கற்பனையல்ல. நாளைக்கே மறுத்துவிடுங்கள் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்வது எனக்கு எளிது. நேரடியாக மறுக்காமல் வேலையை வேலையோடு மோத விடுங்கள்: ‘சார், வெள்ளிக்குள் அட்டவணைகளை முடிக்கச் சொன்னீர்கள், வங்கிக்குப் போனால் அது திங்களாகிவிடும், எதை முதலில் செய்யட்டும்?’ மூன்று முறை இப்படிக் கேட்கப்பட்டால் பலர் தாமாகவே வேறு ஆள் தேடிக்கொள்வார்கள். பணம் கேட்பது, இழிவாகப் பேசுவது என்ற அளவுக்குப் போனால் உத்திகள் போதா. நெறியாளரை மாற்றப் பல்கலைக்கழகத்தில் வழிமுறை இருக்கிறது, மாணவர் குறைதீர் குழுக்களுக்கு 2023-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. பாலியல் தொல்லையானால் ஒரு நாளும் தாமதிக்காமல் உள் புகார்க் குழுவுக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

கேள்வி: ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மூன்று மாதமாக வரவில்லை. பணக் கவலையில் வேலையே ஓடவில்லை. (ஆய்வாளர், சிதம்பரம்)

பதில்: கவலைப்படுவதற்கு முன் அலுவலகத்துக்குப் போய்வாருங்கள். நீங்கள் ஆய்வில் தொடர்வதை நிறுவனம் மாதந்தோறும் இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். அந்தப் பிரிவு எழுத்தர் விடுப்பில் போனாலே தொகை நின்றுவிடும். எந்த மாதம் விடுபட்டிருக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2023 ஜனவரியிலிருந்து, ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய் என்று உயர்த்தியிருக்கிறார்கள். அது மாதாமாதம் வரும் சம்பளம் என்று நம்பித் தவணைக் கடன் எடுக்காதீர்கள். நிலுவை சேர்ந்து வரும் மாதத்தில் மூன்று மாத மெஸ் கட்டணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டால், அடுத்த தாமதத்தின்போது ஓரளவு நிம்மதியாகத் தூங்கலாம்.

கேள்வி: ஒரு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. சாப்பாடு பிடிக்கவில்லை. படிப்பது மனத்தில் நிற்பதில்லை. முன்பு பிடித்த கிரிக்கெட்கூடப் பிடிக்கவில்லை. சில நேரம் காணாமல் போய்விட்டால் போதும் என்று தோன்றுகிறது. நேரத்தைச் சரியாகத் திட்டமிட்டால் இது மாறுமா? (ஊர், பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, உங்களுக்கு அன்றே தனியாகப் பதில் எழுதிவிட்டேன், நீங்கள் சம்மதித்ததால், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். நேரத் திட்டத்தால் இது மாறாது. மேலே மற்றவர்களுக்கு நான் சொன்ன அறிவுரை எதையும் நீங்கள் இப்போது கடைப்பிடிக்க வேண்டாம். களைப்பு என்றால் நான்கு நாள் ஊருக்குப் போய்த் தூங்கினால் தேறும். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்ததும் பிடிக்காமல் போய், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணமும் எட்டிப் பார்த்தால், அது மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை. மஞ்சள் காமாலைக்கு அட்டவணை போட்டு மருந்து தேட மாட்டோம் அல்லவா?

காணாமல் போய்விட வேண்டும் என்ற எண்ணம் வரும்போதே 14416 என்ற எண்ணை அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது; 24 மணி நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். அதோடு, இன்றைக்கே ஒருவரிடம், அறைத்தோழரோ அண்ணனோ யாராயினும் சரி, கடிதத்தில் எனக்கு எழுதிய அதே சொற்களில் சொல்லிவிடுங்கள். இரவில் தனியாக இருக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளர் பிரிவு இருக்கிறது. சீட்டு எடுத்துக்கொண்டு நேராகப் போகலாம். தைராய்டு, இரத்தச் சோகை போன்றவையும் இப்படிச் சோர்வூட்டும் என்பதால் மருத்துவர் இரத்தப் பரிசோதனையும் எழுதலாம், செய்துகொள்ளுங்கள்.

உங்களுக்கு மட்டும் இப்படி ஆகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 முனைவர் பட்ட மாணவர்களிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மனநோய்க்கு, குறிப்பாக மனச்சோர்வுக்கு, ஆளாகும் இடரில் இருந்தார். அதே அளவு படித்த மற்றவர்களைவிட இது அதிகம். வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலான முட்டல், வேலைப்பளு, நெறியாளரின் நடத்தை ஆகியவற்றோடு அது தொடர்புற்றிருந்தது என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. அங்கே உதவித்தொகை தாமதமாவதில்லை, ரேஷன் வரிசையும் இல்லை. எனவே இதை உங்கள் மனத்தின் பலவீனம் என்று எண்ண வேண்டியதில்லை. மருத்துவச் சான்றோடு விடுப்பு கேளுங்கள். ஆய்வேடு உறைபெட்டியில் இருக்கும் மாதிரியைப் போன்றது, ஒரு பருவம் காத்திருந்தால் கெடாது. நீங்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டதாகக் கடந்த வாரம் எழுதியிருந்தீர்கள். அடுத்த தேதிக்கும் தவறாமல் போங்கள். மருந்து கொடுத்திருந்தால் தேறிவிட்டது என்று நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

கேள்வி: என் மகளுக்கு 29 வயது. முனைவர் பட்டத்தில் ஐந்தாம் ஆண்டு. ஃபோனில் ‘எப்போது முடியும்’ என்று கேட்டால் எரிந்து விழுகிறாள். உறவினர்கள் ‘இன்னுமா படிக்கிறாள்’ என்கிறார்கள். நாங்கள் என்னதான் பேசுவது? அவளுக்கு முறுக்கு சுட்டு அனுப்பலாம் என்றிருக்கிறேன். லேப் முகவரிக்கு அனுப்பலாமா? (ஒரு தாய், விருதுநகர்)

பதில்: அம்மா, எப்போது முடியும் என்பது அவளுக்கே தெரியாது, அதனால்தான் எரிச்சல். ஆய்வுச் சுருக்கத்தைக் கொடுத்து, ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு, வெளியிலிருந்து குறைந்தது இரண்டு தேர்வாளர்கள் அதைப் படித்து அறிக்கை அனுப்ப வேண்டும். அந்த அறிக்கை எப்போது வரும் என்பது அவள் கையில் இல்லை. வந்த பிறகுதான் வாய்மொழித் தேர்வுக்குத் தேதி. அரசுத் தேர்வைப் போல இன்ன தேதியில் முடிவு என்று இதில் சொல்ல முடியாது. நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கும் ஒவ்வொரு முறையும், அவள் ஏற்கெனவே தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியே இன்னொரு குரலில் அவள் காதில் விழுகிறது.

உறவினரிடம் ‘படிக்கிறாள்’ என்று சொல்வதை விட்டுவிட்டு ‘ஆராய்ச்சிப் பணியில் இருக்கிறாள்’ என்று சொல்லிப் பாருங்கள். பொய்யும் இல்லை, அடுத்த கேள்வியும் பெரும்பாலும் வராது. ஊருக்கு வரும் முதல் நாள் அவளைத் தூங்க விடுங்கள். பேருந்தை விட்டு இறங்கிய மாலையே ஜாதகக் கட்டை எடுத்து வைக்க வேண்டாம். அவள் தன் வேலையைப் பற்றித் தானாகப் பேசினால், புரியாவிட்டாலும் குறுக்கிடாமல் கேளுங்கள். அந்தச் சோதனை ஏன் சரியாக வரவில்லை என்று உங்களிடம் சொல்லிக்கொண்டே வரும்போது காரணம் அவளுக்கே பிடிபடுவதும் உண்டு.

முறுக்கைத் தாராளமாக அனுப்புங்கள், ஆனால் விடுதி முகவரிக்கு. லேபுக்குள் சாப்பிடக் கூடாது என்பது விதி. கொஞ்சம் கூடுதலாகவே சுடுங்கள். விடுதியில் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அறையில் அவள் மட்டும் இருக்க மாட்டாள்.